பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

பிப்ரவரி 11

மாலை சங்கக் கூட்டம். கந்தப்ப மேஸ்திரி தெரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அம்சவேணியாகிய நான் ஆறு வருடமாகச் செயலாளர். வேறு யாரும் அகப்படாததால் நான். நம் தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டப் போகிறார்கள். அதற்கு முன் வீடு வீடாக வந்து சுவர்களைப் படம் எடுத்து, விரிசல் இருந்தால் எழுதிக்கொள்வார்கள் என்று சொல்லத்தான் கூட்டினேன். சொல்லி முடிக்க விட்டால்தானே!

டெய்லர் தனகோடி எழுந்தார். "ரயிலு வந்தா யாருக்கு லாபம் செக்ரட்டரியம்மா? ஸ்டேஷன் வரப்போவுதுன்னு இப்பவே எங்க ஹவுஸ் ஓனரு வாடகைய ஏத்துறாரு. ரயிலு ஓடற அன்னிக்கு அதுல ஏற நான் இங்க இருப்பனா?"

"ஊரு வளர வேணாமா தனகோடி?" என்றார் கோடிவீட்டு ஆல்பர்ட் சார். "என் பொண்ணு வேலைக்குப் போய் வர மூணு மணி நேரம் ஆவுது."

"உங்களுக்கு சொந்த வீடு சார். ஊரோட சேந்து நீங்களும் வளருவீங்க."

இரண்டு பேர் பேச்சும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் என் வியாதி. அதற்குள் யாரோ, விரிசல் உள்ள வீட்டுக்குச் சிவப்பு மார்க் போடுவார்கள், மார்க் விழுந்தால் இடிப்புதான் என்று ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புரளியைக் கிளப்பாதீங்க. விரிசல் இருந்தா தாராளமா காட்டுங்க. நம்ம நல்லதுக்குத்தான் கேக்குறாங்க" என்று அதட்டினேன். கைதட்டினார்கள்.

பிப்ரவரி 12

கொத்தனார் ஏழுமலை வந்தார். சமையலறைச் சுவரில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்திருந்தது, ரொம்ப நாளாகச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் பதினொன்றாம் எண்ணுக்கும் பக்கத்து பன்னிரண்டாம் எண்ணுக்கும் பொதுவான சுவர் அது. அந்தப் பக்கம் ஜீனத்தின் வீட்டு உள்ளறை.

"எக்கா, இது பூச்சு சமாச்சாரம் இல்ல. செங்கல்லே பொளந்து வுட்டுருக்கு" என்றார் ஏழுமலை. கொத்தனார்கள் வேலையைப் பெரிதாக்கித்தான் காட்டுவார்கள். மேலோடு பூசி பெயின்ட் அடித்தால் போதும் என்றேன்.

இவர் கூடத்திலிருந்து, "நேத்து கூட்டத்துல ஒரு அம்மா தாராளமா காட்டுங்கன்னு பேசினாங்களே, அவங்க எந்த வீடு?" என்று கேட்டார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாய் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அவருக்கு மாலைக் காபி கொடுக்கவில்லை.

ஏழுமலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜீனத் வீட்டுப் பக்கம் போனார். அவர்களுக்குப் பாத்ரூமில் ஏதோ வேலை போல.

பிப்ரவரி 17

படம் எடுக்க வந்தார்கள். கோமதி என்று ஒரு இன்ஜினியர் பெண், தென்காசிப் பக்கம். சமையலறையில் நின்று மோந்து பார்த்தாள்.

"புதுசா பெயின்ட் அடிச்சீங்களாம்மா?"

"பொங்கலுக்கு அடிச்சது."

"இந்தத் தெருவுல எல்லாரும் பொங்கலுக்கு ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க" என்றாள். நல்ல பெண். மோர் கொடுத்தேன்.

ஏப்ரல் 3

பட்டியல் வந்துவிட்டது. 'கவனிக்க வேண்டிய வீடு' என்று எழுதியிருந்தால் சுரங்க இயந்திரம் அடியில் போகும் நாட்களில் அந்த வீட்டுக்காரர்களை லாட்ஜில் தங்கவைப்பார்கள், சுவருக்கு இரும்பு முட்டு கொடுப்பார்கள். நம் தெருவில் அப்படி ஒரு வீடுகூட இல்லை. இருபத்து மூன்று வீடும் 'நல்ல நிலை'.

வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்களாகக் குவிந்தன. "அறுபது வருஷ வீடுங்க, ஒண்ணுல கூட ஒரு கீறல் இல்ல. எனக்கு அறுபத்தி நாலுதான், முட்டியே ரெண்டா வுட்டுப் போச்சு" என்றார் இவர். பேச்சைப் பாருங்கள்.

ஏப்ரல் 19

ஜீனத்தின் மகள் நஸ்ரின் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஏழாம் மாத விருந்து முடிந்து அழைத்து வந்தார்கள். முதல் பிரசவம். நான் தூக்கி வளர்த்த பெண். என்னைப் பார்த்ததும், "பெரிம்மா, உங்க மாங்கா தொக்கு இல்லாம மாசமா இருக்கறது வேஸ்ட்டு" என்றாள்.

அவள் அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஜீனத்தான் ஒண்டியாகக் கட்டிலை இழுத்து உள்ளறையில் போட்டாள். ஜன்னல் காற்று வரும் இடம். எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி.

மே 6

தெரு முனையில் தகர வேலி போட்டுவிட்டார்கள். காய்கறி வண்டி உள்ளே வருவதில்லை. தனகோடி கடைக்கு நாலு நாளாக ஒரு ரவிக்கைத் துணிகூட வரவில்லையாம். ஆல்பர்ட் சார் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் சோப்பு போட்டது போல நுரைத்துக்கொண்டு வந்தது. இயந்திரம் கிட்டே வந்தால் அப்படித்தான் இருக்கும், பயமில்லை என்று கோமதி வந்து சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் சமையலுக்கு கேன் தண்ணீர்.

மே 9

சமையலறைப் பெயின்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. வெயில் காலத்தில் பெயின்ட் சுருங்கும்.

மே 10

மாங்காய்த் தொக்கு கிளறி, எவர்சில்வர் தூக்கில் போட்டு ஜீனத் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழக்கமாக வாசலில் நின்று கூப்பிட்டுக் கொடுப்பேன். இன்று நஸ்ரினைப் பார்க்கலாமே என்று உள்ளறை வரை போனேன்.

அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை. பிஸ்தா பச்சை நிறம், கண்ணாடி மாதிரி இருக்கிறது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரே சுவர்தானே. அந்தப் பக்கம் சரியாக இருந்தால் இந்தப் பக்கம் இருப்பது வெறும் மேல்பூச்சுதான். இவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

மே 12

ஜீனத் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உள்ளே சேமியா பாயசம். "வெறும் ஏனத்த குடுக்கலாமாக்கா?" என்றபடி நேரே சமையலறைக்குள் வந்துவிட்டாள். அவளும் வாசலோடு போகிறவள்தான். நல்லவேளை, காலையில்தான் அந்த இடத்தில் மளிகைக்கடைக் காலண்டரை மாட்டியிருந்தேன்.

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலண்டரு நல்லா கீதுக்கா" என்றாள். ஏதோ விநாயகர் படம். அவளுக்கு அதில் என்ன பிடித்ததோ.

மே 14

பாத்திரத்தை வெறுமனே வைத்துக்கொள்ளக் கூடாதே. காராமணிச் சுண்டல் செய்து எடுத்துப் போனேன். சுவர் அப்படியே இருக்கிறது.

மே 15

தூக்கு திரும்பி வந்தது, இறால் வறுவலோடு. ஜீனத் சமையலறை வரை வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனாள். அவள் போனதும் இவர், "அந்தத் தூக்குக்குக் கால் வலிக்காதா?" என்றார்.

மே 18

காலண்டரை நகர்த்திப் பார்த்தேன். என் பேங்க் அட்டை பாதி உள்ளே போகிறது. எதற்கு அதை எடுத்து அங்கே சொருகினேன் என்று தெரியவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. தைலம் தேய்த்தும் தலைவலி நிற்கவில்லை.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். திருவள்ளூர் பக்கம் வேலையாம், அடுத்த மாதம் வருவாராம்.

மே 21

நஸ்ரின் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மருதாணி இலை கேட்டாள். பறித்துக் கொடுத்தேன். போகும்போது சிரித்துக்கொண்டே, "பெரிம்மா, நேத்து பெரிப்பா ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு சொன்னதுக்கு அவ்ளோ திட்டு திட்டினீங்களே, பாவம்" என்றாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கட்டில்ல சாஞ்சிருந்தேன், பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேட்டுச்சு. சின்ன வயசுல நீங்க அம்மில அரைச்சாலும் கேக்காது. இப்ப பெரிப்பா பெருமூச்சு வுட்டா கூட கேக்குது."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. நேற்று நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினேன்.

சுவர் முழுக்கப் பிளந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

மே 22

கோமதி கூட்டம் போட்டாள். மே 28 அன்று இயந்திரம் நம் தெருவுக்கு அடியில் வரும். பட்டியலில் இல்லாததால் நாம் வீட்டிலேயே இருக்கலாம். லேசாக அதிரும், பாத்திரங்கள் கிணுகிணுக்கும், அவ்வளவுதான் என்றாள். "பிப்ரவரிக்குப் பிறகு யார் வீட்லயாவது எதாவது மாற்றம் தெரியுதா? சின்ன விஷயம்னாலும் சொல்லுங்க" என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. தனகோடிகூட! எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மனிதர், தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி என்னைப் பார்த்தாள். செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றேன்.

எப்படி அது என் வாயிலிருந்து வந்தது?

மே 23

இரண்டு முறை ஜீனத் வாசல் வரை போய், துணி காயப்போடுகிற மாதிரி திரும்பி வந்தேன். கையில் துணியே இல்லை.

மே 24

சொல்லிவிட்டேன்.

காலையில் இவர், "நீ போறியா, இல்ல நான் போகட்டுமா?" என்றார். கேலியே இல்லாமல் அவர் பேசியது எனக்குப் பயமாக இருந்தது. "நானே போறேன்" என்றேன்.

ஜீனத் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "ஜீனத், என் சமையக்கட்டு சுவரு வுட்டுப் போச்சு. இப்ப இல்ல, பிப்ரவரிலயே. நான்தான் பூசி மறைச்சேன். நஸ்ரின முதல்ல அந்தக் கட்டில்லேந்து எழுப்பு. என்ன எவ்ளோ வேணா திட்டு, முதல்ல அவள எழுப்பு."

அவள் திட்டவில்லை. மீனைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் பூசிட்டேங்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க பக்கமும் வுட்டுருந்துச்சு. உங்க வீட்ல வேலைய முடிச்சிட்டு, அங்க வெறும் மேல்பூச்சுன்னு சொல்லிக்கினே ஏழுமலை நேரா இங்கதான் வந்தாரு. செவப்பு மார்க்கு போட்டுட்டா பொண்ண எங்க கூட்டியாந்து வெப்பேன்? அதான். ஆனா மனசு அடிச்சிக்கிச்சு. உங்க வீட்ல வந்து வந்து பாத்தேன். நீங்க படிச்சவங்க, செக்ரட்டரி. உங்க பக்கம் ஒண்ணும் இல்லியேன்னுதான் எம் பொண்ண அங்கயே படுக்க வுட்டு வெச்சிருந்தேன்."

"நான் உன் பக்கத்தப் பாத்துதாண்டி தைரியமா இருந்தேன்" என்றேன்.

ஒருவர் பூச்சை ஒருவர் நம்பியிருக்கிறோம். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொம்பளைகள், சுண்டலும் பாயசமும் தூக்கிக்கொண்டு வேவு பார்த்திருக்கிறோம். நடுவில் எட்டு மாதக் கர்ப்பிணி படுத்திருந்தாள். இதற்கு மேல் என்னை நானே திட்டிக்கொள்ள எனக்குத் தமிழ் போதவில்லை.

நஸ்ரினைக் கூடத்துக்கு மாற்றினோம். நான் என் பக்கம் தோசைத் திருப்பியால் சுரண்டினேன், அவள் அந்தப் பக்கம் மீன் நறுக்கும் கத்தியால். பூச்சு அப்பளமாக உதிர்ந்தது. என் திருப்பியின் காம்பு உள்ளே போய், ஜீனத்தின் கையில் இடித்தது.

இரண்டு பேருமாக வேலி ஓரம் இருக்கும் கோமதியின் கொட்டகைக்குப் போனோம். அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "முந்தாநாள்தானேம்மா கேட்டேன்" என்றாள். பிறகு, "அறுபது வருஷத் தெருவுல இருபத்து மூணு வீடும் நல்லா இருக்குன்னு எழுதும்போதே நான் தட்டிப் பாத்திருக்கணும். ஒரு நாளைக்கு முப்பது வீடு பாத்தேன். தப்பு எனக்கும் உண்டு" என்று எழுந்தாள்.

மே 25

சின்னச் சுத்தியலோடு நாலு பேர் வந்து வீடு வீடாகத் தட்டினார்கள். பதினாறு வீட்டில் சுவர் 'டொப் டொப்' என்று பொய்யாகச் சத்தம் போட்டது. உரித்தால் உள்ளே விரிசல். எல்லாம் ஒரே கொத்தனார், ஒரே வாரம்.

"ஏழுமலைதான் சொன்னாரு, செக்ரட்டரி வீட்லயே பண்ணிட்டேன்னு" என்றார் தனகோடி. "நீங்களே பண்றப்ப எங்களுக்கு இன்னா பயம்? எங்க ஓனரு வேற, வீட்டுக்கு மார்க்கு வுழுந்தா காலி பண்ணுன்னுட்டாரு. நானே நின்னு சுண்ணாம்பு கொழச்சு குடுத்தேன்."

நான் மேடையில் பேசியதை யாரும் கேட்கவில்லை. வீட்டில் செய்ததைத்தான் தெரு கேட்டிருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்த முடியாதாம், நடுவில் நின்றால்தான் மண் அமுங்குமாம். இன்னும் மூன்று நாள். மொத்தத் தெருவும் நாளைக்குள் காலி செய்ய வேண்டும். வீடு நன்றாக இருக்கிற ஏழு பேரும்கூட. வாட்ஸ்அப் குழுவில் இன்று கைகூப்பும் படம் ஒன்றும் இல்லை.

மே 26

பெரியமேட்டில் ஒரு லாட்ஜ். தெருவே பஸ்ஸில் ஏறியது. இவர் பழைய ஞாபகத்தில் படிக்கட்டில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்றார், யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஜீனத்தும் மகளோடு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளும் நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டுமே.

மே 28

இயந்திரம் இன்று காலை நம் தெருவுக்குள் நுழைந்துவிட்டதாகக் கோமதி செய்தி அனுப்பினாள்.

லாட்ஜின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு ஹால். பொங்கலில் மிளகு இல்லை, சாம்பாரில் பருப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். ஆல்பர்ட் சார் என் காதுபட, "வளர்ச்சின்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும், ஆனா சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கக் கூடாது" என்றார். அவர் வீட்டுச் சுவர் நல்ல சுவர். தனகோடிதான் அவரைப் பிடித்தார். "உங்களுக்கு ரயிலு வந்தா போதும் சார். வர்ற வரைக்கும் நாங்க உசுரோட கீறோமா இல்லியான்னு யாரு பாக்கறது?" என்றார். என் பக்கம் திரும்பி, "அதுக்காக நீங்க பண்ணது சரின்னு சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அறைக்குள் இருக்க முடியவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். இங்கே தரை ஆடாது என்று தெரியும். ஆனாலும் டம்ளரில் தண்ணீர் வைத்து அசைகிறதா என்று பார்த்தேன்.

மே 30

கடந்துவிட்டதாம். தெருவில் ஒரு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். ஹாலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 4

மண் அடங்கும் வரை பார்த்துவிட்டு இன்றுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

முதலில் நானும் ஜீனத்தும் அந்தச் சுவரைத்தான் பார்த்தோம். இரண்டு பக்கமும் இரும்பு முட்டு. கோமதி ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்தாள். சுவர் நிற்கிறது. விரிசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

"முட்டு குடுக்கலேன்னா விழுந்திருக்குமா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவள் சொன்னால் எனக்குத் தேவலை.

"தெரியாதும்மா" என்றாள். "நின்னாலும் நின்னிருக்கும். அதைத் தெரிஞ்சிக்க ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு."

ஜீனத் வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் வாசலில் சத்தம். தெருவே திரண்டு வந்திருந்தது. ஒன்றுமே ஆகாததற்கு ஒன்பது நாள் கொசுக்கடி என்றார்கள். பிரிட்ஜில் வைத்த மீன் அழுகிப் போயிற்று என்றார்கள். பிள்ளைகளுக்கு லாட்ஜ் சாப்பாட்டால் பேதி, தையல் மிஷின் ஒன்பது நாள் சும்மா கிடந்தது, உரித்த சுவரை யார் பூசித் தருவது, மானம் போயிற்று, ஊரில் இல்லாத அதிசயச் செயலாளர் என்றார்கள். நஸ்ரின்கூட இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அந்த மெத்தையில படுத்து இடுப்பே போச்சு பெரிம்மா" என்றாள்.

இவர் எனக்குப் பரிந்து பேச வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் எண்ணில் நாலு பேர், நாலு பேரும் கத்துகிறார்கள். இரண்டாம் எண்ணில் ஆறு பேர், கைக்குழந்தையும் சேர்த்து. தனகோடியும் அவர் மனைவியும். ஆல்பர்ட் சார் வீட்டில் ஐந்து, அவர் மகள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கைப்பையோடு நிற்கிறாள். இப்படியே இருபத்து மூன்று வரைக்கும் வந்து, சந்தேகத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

திட்டுவதற்கு ஒருவர் குறையாமல் வந்திருந்தார்கள்.